ஆக்டேவியா ஹில் – ஒரு வீட்டுக்காரம்மாவின் கதை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தே ஆகணும் என்று சங்கச் செயலாளர் போனில் பிடித்துக்கொண்டார். சிவில் படித்தவன் நான்; கவிதையெல்லாம் வராது. நம்மில் பலர் பேங்க் லோனில் வீடு கட்டி, மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டுகிறவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஆகவே, வாடகை வீடுகளை நிர்வகித்தே பெயர் பெற்ற ஆக்டேவியா ஹில் அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

1838-ல் இங்கிலாந்தின் விஸ்பெக் ஊரில் பிறந்தவர். தானிய வியாபாரியான அப்பா 1840-ல் திவாலானார். குடும்பம் நொடித்துப்போக, சின்ன வயதிலேயே லண்டனில் வேலைக்குப் போனார். ஏழைச் சிறுமிகள் பொம்மை செய்யும் பட்டறையில் மேற்பார்வை. அந்தப் பிள்ளைகளின் வீடுகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதை அப்போதே தெரிந்துகொண்டார்.

ஏதாவது செய்யணும் என்றால் முதல் வேண்டுமே! ஜான் ரஸ்கின் என்ற பெரிய எழுத்தாளருக்கு ஓவியங்களைப் பிரதியெடுத்துக் கொடுத்த பழக்கம் கைகொடுத்தது. தந்தையின் சொத்து வந்திருந்த ரஸ்கின், 1865-ல் மேரிலபோன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் மூன்று வீடுகளின் குத்தகையை வாங்கி அம்மையாரிடம் ஒப்படைத்தார். பெயர்தான் சொர்க்கம், உள்ளே நரகம். ரஸ்கின் இதைத் தர்மமாகக் கொடுக்கவில்லை. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் வரணும் என்றார். லாபம் வந்தால்தானே மற்றவர்களும் இதில் பணம் போடுவார்கள்!

அம்மையார் கணக்கு கறார். வாராவாரம் வாசலுக்கே போய் வாடகை வாங்குவார். பாக்கி வைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அதேபோல் தன் பக்கமும் கறாராக இருந்தார். சாக்கடை, ஒழுகல், மாடிப்படி எல்லாம் பழுது பார்த்தாக வேண்டும். அதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கினார். அதில் மிஞ்சியதைக் குடித்தனக்காரர்கள் விரும்பிய வசதிக்கே செலவழித்தார். இதனால் உடைப்பது குறைந்தது; உடைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! வேலையில்லாத நாட்களில் சில்லறை ரிப்பேர் வேலைகளையும் அவர்களுக்கே கொடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மாடிப் போர்ஷனில் பாத்ரூம் ஒழுகல். குடியிருந்தவர் மூன்று தடவை சொன்னார். இஞ்சினியரான நான், அடுத்த மாசம் பார்க்கலாம் சார் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் காலி செய்துவிட்டார். வீடு இரண்டு மாசம் பூட்டிக் கிடந்தது. தவணை என் சம்பளத்திலிருந்து போனது. கடைசியில் ரிப்பேர் செலவு ஒரு மாச வாடகைகூட ஆகவில்லை.

1874-க்குள் அம்மையாரின் பொறுப்பில் 15 குடியிருப்புத் திட்டங்கள், சுமார் 3,000 குடித்தனக்காரர்கள். 1884-ல் சர்ச் கமிஷனர்கள் லண்டன் சதர்க்கில் இருந்த தங்கள் வீடுகளையும் ஒப்படைத்தார்கள். வாடகை வாங்கப் பெண்களையே பழக்கினார். வீட்டு நிர்வாகம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1895-ல் நேஷனல் டிரஸ்டைத் தொடங்கிய மூவரில் ஒருவர். எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல மாட்டேன். நகரசபை வீடு கட்டித் தருவதை எதிர்த்தார். பெண்களுக்கு ஓட்டுரிமையையும் எதிர்த்தார். 1912-ல் காலமானார்.

நண்பர்களே, இப்போது வாடகை போனிலேயே வந்துவிடுகிறது. யார் வாசலுக்கும் போக வேண்டாம். ஆனால் அம்மையாருக்கு வாடகை வாங்கப் போவதே வீட்டைப் பார்க்கப் போவதும்தான். நானும் இப்போது வாடகையில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று தனியாகப் போடுகிறேன். மாசம் ஒரு தடவை மாடியேறிப் போய், குழாய் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறேன். புதுக் குடித்தனக்காரர் காபி கொடுக்கிறார்.