கண் மங்கிய பிறகு தீட்டிய பூப்பாத்திகள்

சுற்றுச்சுவர் ஓரம் செடி நடும்போதும் பால்கனியில் தொட்டிகளை அடுக்கும்போதும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வரலாம் என்று யோசித்திருக்கிறீர்களா? அதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் கெர்ட்ரூட் ஜீக்கில்.

1843-இல் லண்டனில் பிறந்த இவர், 1861-இல் தென் கென்சிங்டன் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியம், எம்பிராய்டரி, மரவேலை, வெள்ளிவேலை என்று பலவும் கற்றார். ஆனால் கடுமையான கிட்டப்பார்வை. 1891-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், கண்ணை வருத்தும் நுணுக்க வேலைகளை விட்டுவிடும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்?

அவர் மண்ணைத் துணியாக்கிக்கொண்டார். சர்ரே மாவட்டத்தில் மன்ஸ்டெட் வுட் என்ற தம் இடத்தில் சுமார் 200 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு பூப்பாத்தி அமைத்தார். இரு முனைகளிலும் நீலப் பூக்களும் சாம்பல்நிற இலைகளும். உள்ளே வர வர மஞ்சள், ஆரஞ்சு. நடுவில் கொழுந்துவிடும் சிவப்பு. அங்கு அவருக்கு வீடு கட்டித் தந்த இளம் கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ்தான், பின்னாளில் டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்தார்.

அந்தக் குளிர்நாட்டில் கோடை தொடங்கும்போது பூப்பது கொலம்பைன். தலைகவிழ்ந்த பூ, பின்புறம் கொக்கி போன்ற வால்கள். இதில் கறுப்பாகவே தெரியும் அடர் ஊதா வகைகளும் உண்டு. தனியாக நட்டால் நிழலிலும் மண்ணிலும் கரைந்துவிடும். வெளிர்நிறப் பூவோ சாம்பல் இலையோ அருகில் இருந்தால்தான் கண்ணில் படும். மன்ஸ்டெட் பெயரைத் தாங்கிய வெள்ளைக் கொலம்பைன் இன்றும் வளர்க்கப்படுகிறது. இவை எளிதில் கலந்துவிடும் இனம். அதனால் அடர்நிறம் மாறாமல் இருக்க, உதிர்ந்த விதையில் முளைத்த வேறு நிறச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

முதுமையில் வெளியூர் செல்ல முடியாதபோதும், இடத்தின் வரைபடத்தையும் மண் மாதிரியையும் வரவழைத்துப் பார்த்தே தோட்டங்களைத் திட்டமிட்டார். ஏறத்தாழ 400 தோட்டங்கள். 1932-இல், 89 வயதில் மறைந்தார்.

நம் வெயிலுக்குக் கொலம்பைன் தாங்காது. ஆனால் அடர்சிவப்புக் கோழிக்கொண்டைக்குப் பின்னால் ஒரு நந்தியாவட்டை வைத்துப் பாருங்கள். ஜீக்கில் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கே புரியும்.