வளைந்த விதி

காவிரி வளம் கொழிக்கும் குடந்தை. ஆனால் சாரங்கபாணி சன்னதித் தெருவின் அந்தச் சிறு வீட்டிலே வறுமைதான் கொழித்தது. தந்தை புடைவைக் கடையில் கணக்கர். மகன் இராமானுசனோ கணக்கில் புலி!

1904இல் குடந்தை அரசினர் கல்லூரி உதவித்தொகை தந்து வரவேற்றது. கணக்கன்றி வேறெதிலும் கருத்துச் செல்லவில்லை; பிற பாடங்களில் தோற்றார்; உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேர்வு கைவிட்டது. பட்டமில்லாத மேதை, 1912இல் துறைமுக அலுவலகத்திலே மாதம் 30 ரூபாய் எழுத்தர்!

மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகே கதவுகள் திறந்தன. பட்டமில்லாதார்க்கு ஆராய்ச்சி உதவியில்லை என்ற விதியை ஒதுக்கிவைத்து, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியது. 1914இல் ஆண்டுக்கு 250 பவுன். கப்பற் செலவும் தனியே! அதிலும் ஒரு பங்கைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டே கப்பலேறினார். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினர். 1920இல், 32ஆம் வயதில், மறைந்தார்.

அவருக்காக விதி வளைந்தது. வளைக்க ஆளிருந்தது: ஆர்டி எழுதினார், நெவில் சென்னைக்கே வந்து வாதாடினார், துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் பரிந்துரைத்தார்.

அதே குடந்தையைச் சுற்றிய வயல்களில், சேற்றிலே நாற்று நட்ட தாயின் மகனுக்கு யார் எழுதினார்? யார் வாதாடினார்? பள்ளிப் படியே ஏறாமல், ஏர்முனையில் மறைந்த இராமானுசன்கள் எத்தனை எத்தனையோ!

மேதையைப் போற்றுவோம். ஆனால் உதவித்தொகை, யாரோ மனமிரங்கித் தரும் தயவாக இருக்கலாகாது. உழைப்பவன் வீட்டுப் பிள்ளையும் கேட்டுப் பெறும் உரிமையாதல் வேண்டும்!