முள் சொன்ன ரகசியம்

விரலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவக்கிறது. வீங்குகிறது. சீழ் கட்டுகிறது.

இது ஏன்? இதை ஆராய்ந்து சொன்னவர் இலியா மெச்னிகாப்.

1845-ம் ஆண்டு கார்கோவ் நகருக்கு அருகே பிறந்தார். அப்போது அது ரஷியப் பேரரசில் இருந்தது. இப்போது உக்ரைனில் இருக்கிறது.

அவர் மணந்த லுத்மிலாவுக்குக் காசநோய். மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார்கள்! நான்கு ஆண்டு போராடியும் பலன் இல்லை. 1873-ல் லுத்மிலா இறந்தார். மனம் உடைந்த மெச்னிகாப் தன் உயிரையும் விடத் துணிந்தார். எப்படியோ பிழைத்தார்.

பிறகு ஓல்காவை மணந்தார். 1882-ல் ஓல்காவுடனும் அவருடைய தம்பி, தங்கைகளுடனும் இத்தாலி நாட்டு மெசினா நகருக்குப் போனார்.

ஒரு நாள் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பினார்கள். குரங்கு வித்தை! மெச்னிகாப் மட்டும் போகவில்லை. நட்சத்திர மீன் குஞ்சு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கொண்டிருந்தார். அதன் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே உயிரணுக்கள் நகர்வது தெரியும்.

திடீரென்று தோட்டத்துக்கு ஓடினார். ரோஜா முட்களைப் பறித்து வந்தார். குஞ்சின் தோலுக்கு அடியில் செருகினார். இரவு முழுவதும் தூக்கம் இல்லை.

விடிந்தது. பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் மொய்த்து நின்றன!

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் இப்படித்தான். கிருமி நுழைந்தால் ஓடி வந்து விழுங்குகின்றன. அந்தச் சண்டையில்தான் உடம்பு வீங்குகிறது.

மெச்னிகாப் அறியாத ஒன்று உண்டு. நோய் முற்றும்போது இந்தப் படை வெறி கொள்ளும். நுரையீரலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். அதற்கு உடம்பே ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. அதன் பெயர் அடினோசின். அடிபட்ட உயிரணுக்களும், பிராணவாயு கிடைக்காமல் தவிக்கும் உயிரணுக்களும் இருக்கும் இடத்தில் அது பெருகுகிறது. வெள்ளை அணுக்களின்மேல் ஒட்டி, அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால், கடிவாளத்தை நெடுநாள் இழுத்தாலும் ஆபத்துதான். படை சோர்ந்துவிடும். புதுக் கிருமி புகுந்துவிடும்.

மெச்னிகாப் சொன்னதை ஜெர்மன் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. கிருமியைக் கொல்வது ரத்தத்தின் நீர்ப்பகுதிதான் என்றார்கள். (இரண்டுமே உண்மை என்று பின்னால் தெரிந்தது.) 1888-ல் பாரீஸ் போனார். பாஸ்டர் நிலையத்தில் இருந்தபடி வாதாடினார். 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. எதிர் அணியைச் சேர்ந்த ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக்குக்கும் அதில் பங்கு!

முதுமையைத் தள்ளிப் போடலாம் என்று நம்பி, தினமும் புளித்த பால் குடித்தார். 1916-ல், 71-வது வயதில் இறந்தார். அவருடைய சாம்பல், பாஸ்டர் நிலைய நூலகத்தில் வைக்கப்பட்டது.