ஜாதகம் பார்த்து குதிரை வளர்த்த கர்னல்! பந்தயக் குதிரைக்கு அரசே பண்ணை நடத்தியது ஏன்?

பந்தயக் குதிரை வளர்ப்பு என்றாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நினைப்போம். அதற்கு அரசாங்கம் எதற்காக மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்க வேண்டும்? நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் இந்தக் கேள்வி எழுந்தது. அதன் மையத்தில் இருந்தவர் கர்னல் வில்லியம் ஹால் வாக்கர், பிற்காலத்தில் வேவர்ட்ரீ பிரபு.

யார் இந்த வாக்கர்?

1856 கிறிஸ்துமஸ் அன்று ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அப்பா பீர் ஆலை அதிபர். லிவர்பூல் நகரத்தில் இன்றும் இருக்கும் வாக்கர் ஓவியக்கூடம் அவர் கொடுத்த கொடைதான். மகனுக்கோ குதிரைப் பித்து. போலோ ஆடினார். 1896-ல் உலகின் கடினமான தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலுக்குச் சில வாரங்கள் முன்பு 'தி சோரர்' என்ற குதிரையை வாங்கினார். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத அந்தக் குதிரை ஜெயித்தது.

1900-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. விட்னஸ் தொகுதியின் எம்.பி. ஆனார். அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் டல்லி என்ற இடத்தில் பண்ணை வாங்கினார். அங்கே ஓடும் ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குட்டிகளின் எலும்புக்கு நல்லது என்பது கணக்கு.

குதிரைக்கும் ஜாதகம்

நம்ம ஊரில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பது போல, வாக்கர் ஒவ்வொரு குட்டி பிறந்ததும் நேரம் குறித்து ஜாதகம் கணிப்பார். கட்டம் சரியில்லை என்றால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விற்றுவிடுவார். நிலா, நட்சத்திர ஒளி உள்ளே விழட்டும் என்று லாயத்தின் கூரையில் திறப்பு வைத்தார்.

கேலி செய்தவர்கள் நிறைய பேர். ஆனால் முடிவுகள் பேசின. 1905-ல் 'செர்ரி லாஸ்' ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. மன்னர் ஏழாம் எட்வர்டுக்குக் குத்தகையாகக் கொடுத்த குதிரைகளில் ஒன்றான 'மினோரு' 1909 டெர்பியை வென்றது. பதவியில் இருக்கும் பிரிட்டிஷ் மன்னர் ஒருவரின் பெயரில் டெர்பி வந்தது அதுதான் முதல் முறை. பண்ணையில் தோட்டம் அமைக்க வந்த ஜப்பானியக் கலைஞரின் மகன் பெயரைத்தான் அந்தக் குதிரைக்கு வைத்திருந்தார்கள்.

கணக்கு எப்போதும் பலிக்கவில்லை என்பதும் உண்மை. அவர் ஒரு வயதிலேயே விற்றுவிட்ட 'பிரின்ஸ் பாலடைன்' வேறொருவருக்காக 1911-ல் செயின்ட் லெஜர் பந்தயத்தையும், அடுத்த இரண்டு ஆண்டுகள் அஸ்காட் தங்கக் கோப்பையையும் வென்றது.

சரி, அரசு ஏன் உள்ளே வந்தது?

காரணம் பந்தயம் இல்லை, ராணுவம். தாரோபிரெட் எனப்படும் உயர்ரகப் பந்தய ஆண் குதிரையை விவசாயிகளின் சாதாரண பெண் குதிரையுடன் சேர்த்தால் வேகமும் வலுவும் உள்ள குட்டி கிடைக்கும். குதிரைப்படைக்கு அதுதான் தேவை. இதற்காக 1880-களின் கடைசியிலேயே பிரிட்டன் ஒரு ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டு வந்தது. தரமான ஆண் குதிரையை வைத்திருப்பவர், குறைந்த கட்டணத்தில் விவசாயிகளின் குதிரைகளுக்கு இனப்பெருக்கத்துக்கு விட்டால், அரசு அவருக்குப் பணம் கொடுக்கும். அடுத்து வந்த போயர் போரில் பிரிட்டன் லட்சக்கணக்கான குதிரைகளை இழந்தது. நல்ல குதிரைக்கு எங்கே போவது என்ற பயம் நிஜமானது.

முதல் உலகப்போர் வந்ததும் 1915-ல் பெரும்பாலான பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. குதிரைகளின் விலை சரிந்தது. அப்போதுதான் வாக்கர் ஒரு பேரம் வைத்தார். 6 ஆண் குதிரைகள், 43 தாய்க் குதிரைகள், குட்டிகள் எல்லாம் நாட்டுக்கு இலவசம். நிலத்தையும் கட்டடங்களையும் மட்டும் அரசு விலைக்கு வாங்க வேண்டும்.

அரசு இழுத்தடித்தது. போர்ச் செலவுக்கு நடுவே குதிரைப் பண்ணையா என்ற தயக்கம். பொறுத்துப் பார்த்த வாக்கர், குதிரைகளை நியூமார்க்கெட் ஏலத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். கடைசி நேரத்தில்தான் அரசு சம்மதித்தது. இல்லையென்றால் அந்த வம்சமே நாலாபக்கமும் சிதறியிருக்கும். 1916-ல் டல்லி, பிரிட்டனின் தேசிய குதிரைப் பண்ணையானது. 1919-ல் வாக்கருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது.

720 கினிக்குப் போன பொக்கிஷம்

அரசுப் பண்ணையின் முதல் இயக்குநர் சர் ஹென்றி கிரீர். இங்கே பிறக்கும் குட்டிகளை விற்பதும் உண்டு, பந்தயத்துக்குக் குத்தகை விடுவதும் உண்டு. 1919-ல் 'பிளாண்ட்ஃபோர்ட்' என்ற குட்டி பிறந்தது. சின்ன வயதிலேயே நிமோனியா. தேறுமா தேறாதா என்ற நிலையில் இருந்து தப்பிய அதை 1920-ல் 720 கினிக்கு விற்றுவிட்டார்கள்.

அதுதான் அரசு செய்த பெரிய தப்பு. பிளாண்ட்ஃபோர்டின் வாரிசுகள் நான்கு டெர்பிகளை வென்றன: 1929, 1930, 1934, 1935. இதில் மூன்று இந்தியாவோடு தொடர்புடையவை. 1930-லும் 1935-லும் வென்றவை ஆகா கானின் குதிரைகள். 1934-ல் வென்ற 'வின்சர் லேட்', குஜராத்தின் ராஜ்பிப்ளா மகாராஜா விஜய்சிங்ஜியின் குதிரை.

இந்தக் கடைசி இரண்டு வெற்றிகளைப் பார்க்க வாக்கர் இல்லை. 1933 பிப்ரவரியில் காலமானார். குழந்தைகள் இல்லாததால் பட்டமும் அவரோடு முடிந்தது.

பண்ணை யாருக்கு?

1922-ல் அயர்லாந்து தனி நாடானதும் இன்னொரு சிக்கல். நிலம் அயர்லாந்தில், உரிமை லண்டனில்! இரண்டு அரசுகளுக்கும் இடையே இழுபறி இருபது ஆண்டுகள் நீடித்தது. அதற்கிடையே 1942-ல் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குக் குத்தகை விடப்பட்ட 'சன் சாரியட்', 'பிக் கேம்' என்ற இரண்டு டல்லி குதிரைகள் அந்த ஆண்டின் ஐந்து கிளாசிக் பந்தயங்களில் நான்கை அள்ளின. இதில் பிக் கேம் யார் தெரியுமா? அரசே விற்ற பிளாண்ட்ஃபோர்டின் பேரன்.

1943-ல் நிலம் அயர்லாந்து அரசிடம் போனது. குதிரைகளை இங்கிலாந்தின் டோர்செட்டுக்குக் கொண்டு போனார்கள். டல்லியில் 1946-ல் அயர்லாந்தின் தேசியப் பண்ணை நிறுவனம் உருவானது. 1969-ல் அந்த நாடு இன்னும் ஒரு படி மேலே போய், ஆண் குதிரையின் இனப்பெருக்கக் கட்டண வருமானத்துக்கு வரியே இல்லை என்று அறிவித்தது. ஐரோப்பிய யூனியன் ஆட்சேபித்ததால் 2008-ல் அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது.

பண்ணை இன்றும் இயங்குகிறது. வாக்கர் போட்ட ஜப்பானியத் தோட்டத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.