லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாஅத்

புதுக்கடை திறக்க எண்ணும் நம்மவர்கள் முதலில் கணக்குப் பார்ப்பது வாடகையையும் சரக்கையும்தான். ஆள் விஷயம் கடைசியில் வருகிறது. ஊரிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். ஆள் சேர்ப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை, நாம் வியாபாரம் செய்யும் இந்த நெகிரி செம்பிலான் மண்ணில் வாழ்ந்த ஒருவரின் சரித்திரம் காட்டுகிறது. அவர்தாம் மர்ஹூம் ராஜா ஜுமாஅத்.

போர்ட்டிக்சனை அடுத்துள்ள லுக்குட்டை நாமெல்லாம் அறிவோம். சுற்றுப்புறத்தில் ரப்பரும் செம்பனையும் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஈய லம்பங்கள் இருந்தன. அன்று அது சிலாங்கூரைச் சேர்ந்த ஊர். ராஜா பூசு என்பவர் அதை நிர்வகித்தார். ஈயத்தில் பத்தில் ஒரு பங்கை அவர் வரியாகக் கேட்டார். 1834-ஆம் ஆண்டு சீனத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்து, ஓரிரவில் அவரையும் அவர் குடும்பத்தாரையும் கொன்று வீட்டையும் கொளுத்திவிட்டார்கள். தொழில் நடத்துபவருக்கும் உழைப்பவருக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போனால் எதுவரை போகும் என்பதற்கு இது சாட்சி.

பூகிஸ் வமிசத்தவரான ராஜா ஜுமாஅத், சிலாங்கூர் சுல்தான் முஹம்மதின் மருமகன். 1846-ல் லுக்குட் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே குன்றின்மேல் கோட்டை எழுப்பினார். ஊரில் காவலும் ஒழுங்கும் ஏற்படுத்தினார். சீனத் தலைவர்களோடு இணக்கமாக நடந்தார். அதைக் கண்ட மலாக்கா வர்த்தகர்கள் நம்பி முன்பணம் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து குவிந்தனர், லுக்குட் செழித்தது.

அந்நாளில் லம்பத்து ஆளின் கப்பல் கூலி அவன் பேரில் கடனாக எழுதப்படும். அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் யாவும் முதல் போட்டவர் கடையிலிருந்தே வரும். கடன் தீர்வதற்குள் புதுக்கடன் ஏறிவிடும். கங்காணி கையில் முன்பணம் வாங்கித் தோட்டத்துக்கு வந்த நம் தமிழ் மக்களின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை அது நடந்தது.

1856-ல் லுக்குட் லம்பமொன்றில் ஓர் இளைஞர் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் யாப் ஆ லோய். 1868-ல் கோலாலம்பூரின் கப்பித்தானானவர் அவரே. நம் கடைப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் பையனையும் நாம் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

1857-ல் ராஜா ஜுமாஅத்தும், கிள்ளான் அதிபதியான சகோதரர் ராஜா அப்துல்லாஹ்வும் புதுத் தொழில் ஒன்றில் இறங்கினார்கள். மலாக்கா சீன வர்த்தகர்களிடம் 30,000 வெள்ளி திரட்டி, 87 ஆட்களைக் கிள்ளான் ஆற்றில் படகேற்றி அம்பாங் பகுதிக்கு அனுப்பினார்கள். முதலும் இருந்தது, ஆளும் இருந்தது. ஆனால் ஒரே மாதத்தில் காட்டுக் காய்ச்சலில் 69 பேர் மாண்டார்கள். மிஞ்சியவர் 18 பேர். உடனே மேலும் 150 பேர் அனுப்பப்பட்டார்கள். 1859-ல் ஈயம் ஏற்றுமதியாயிற்று. லுக்குட்டிலிருந்து போன ஹியூ சியூ என்பவர் ஆறுகள் கூடுமிடத்தில் கடை வைத்தார். அதுவே கோலாலம்பூரின் தொடக்கம்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897-ல்தான். ஆகவே காய்ச்சலின் காரணம் தெரியாததற்கு ராஜாவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 69 பேர் செத்த இடத்துக்கு 150 பேரை அனுப்பியபோது, லாபக் கணக்கு உயிர்க் கணக்கை முந்திவிட்டது என்பதை நாம் மறைத்துப் பேசக்கூடாது.

இன்று நாம் அத்தனை பேரைச் சேர்ப்பதில்லை. இரண்டோ மூன்றோ பேர்தான். ஆனால் பொறுப்பு ஒன்றே. ஆள் வருமுன் படுக்க இடமும், நேரத்துக்குச் சோறும், நோய் வந்தால் வைத்தியமும் ஏற்பாடாக வேண்டும். புது ஊரில் கிளை திறந்தால் பழகிய சிப்பந்தி ஒருவரையாவது உடன் அனுப்ப வேண்டும். சம்பளக் கணக்கை மாதந்தோறும் அவர் கண்முன் எழுதிக் காட்ட வேண்டும். ஆளின் பாஸ்போர்ட்டை வாங்கி நம் பெட்டியில் பூட்டுவது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடனைச் சொல்லி ஆளைக் கட்டிவைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது.

ராஜா ஜுமாஅத் 1864-ல் காலமானார். மகன் ராஜா போட் பட்டத்துக்கு வந்தார். லுக்குட்டின் செல்வம் தேய்ந்தது. 1878-ல் ஏற்பட்ட எல்லை ஒப்பந்தத்தை அடுத்து அவ்வூர் சுங்கை ஊஜோங்கைச் சேர்ந்து, இன்று நெகிரி செம்பிலானில் இருக்கிறது. குன்றின்மேல் கோட்டை மதிலின் மிச்சம் நிற்கிறது. அம்பாங் காட்டில் மடிந்த 69 பேரின் எண்ணிக்கை மட்டுமே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளையை நம்மை நம்பி அனுப்பும் தாய் தகப்பனுக்கு அவன் ஓர் எண்ணிக்கையல்ல. நம் கையில் ஒப்படைத்த அமானிதம்.