தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் பெயர் தெரியாமல் வைத்தியம் கற்க முடியாது. அப்பெயர்களைத் தமிழில் ஆக்கித் தந்தவர் ஓர் அமெரிக்கர் என்பது வியப்பன்றோ!

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலே பிறந்தார். 1847இல் மிஷனரி வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து தமிழ் கற்றார். மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்ததோடு, மாணவருக்கு ஆங்கிலத்தில் மருத்துவமும் போதித்தார். கற்றவர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். கிராமத்து ஏழைக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. ஆகவே தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

ஆனால் கலைச்சொற்களுக்கு எங்கே போவது? முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடையாதபோது வடமொழியை நாடினார். அதுவும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைவித்தார். இரணம் என்றால் புண். எனவே சத்திர சிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. கெமிஸ்ட்ரி, தமிழ் விகுதி பெற்றுக் 'கெமிஸ்தம்' ஆனது. கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என வெளிவந்தது.

60க்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிய கிறீன், 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் நூற்பணியைக் கைவிடவில்லை, 1884இல் மறைந்தார்.

அன்புச் சகோதரிகளே, கடினமான சொல்லைக் கண்டு மலையாமல், அதைப் பிரித்துப் பொருள் காணப் பழகுவோமாக. கற்ற கல்வி ஏழையின் வாசலையும் எட்டட்டும்!