ஓர் அணுவும் தொலையாது

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயருக்குக் காரணமான இந்தியச் சலவைத் தொழிலாளிகளை நினைச்சுக்குவேன். ஓடையில் துவைத்து இங்கே காயப்போட்ட துணியின் ஈரம் எங்கே போச்சு? அழியலை, ஆவியாகிக் காற்றில் கலந்தது.

இந்தக் கணக்கையே ஆய்வுக்கூடத்தில் பார்த்தவர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரே. 1861இல் வங்காளத்தில் பிறந்தார். 1887இல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று, கல்கத்தாவில் பேராசிரியரானார். நம் முன்னோர் அறிந்த வேதியியலைத் தேடி, இந்து வேதியியல் வரலாற்றின் முதல் பாகத்தை 1902இல் வெளியிட்டார்.

அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று அமோனியம் நைட்ரைட். சூடாக்கினால் நைட்ரஜன் வாயுவும் நீரும் வரும். அதன் ஒரு மூலக்கூறில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. வலப்பக்கம் ஒரே ஒரு நீர் மூலக்கூறு எழுதினால் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1 குறையுது. நீருக்கு முன்னால் 2 போடுங்க, சரியாயிடும். 64 கிராம் போனால் 28 கிராம் நைட்ரஜன், 36 கிராம் நீர். தம்பி தங்கைகளே, வாய்பாட்டுக்குள் இருக்கும் சின்ன எண்ணை மட்டும் மாத்தாதீங்க, பொருளே வேறயாயிடும்.

1921இல் அறுபது வயதானதும், இனி வரும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கே கொடுத்தார். 1944இல் மறையும்வரை அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்தார். அந்தப் பணமும் தொலையலை. மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது.